வரி போட்டே எழுது

கிளீட்: மறைக்காத வெர்லின். நேத்து நீங்க ரெண்டு பேரும் மலை தாண்டிப் போய் அந்த ஹால்வர்சனோட துப்பாக்கிக் கடைக் கதவைத் தட்டியிருக்கீங்க.

வெர்லின்: யாருடா சொன்னது?

கிளீட்: கடைக்கு எதிர்ல என் மச்சான் டயர் மாத்திக்கிட்டு இருந்தான்.

ஆர்டிஸ்: உன் மச்சான் எப்பப் பார்த்தாலும் டயர்தான் மாத்திக்கிட்டு இருப்பான்.

கிளீட்: பேச்சை மாத்தாத ஆர்டிஸ். முப்பது வருஷமா மான் வேட்டைக்குப் போறப்ப உன் வீட்டுக்காரன்கூட ஒரே கூடாரத்துல படுத்து அவன் குறட்டையைக் கேட்டவன் நான். ஊருக்குள்ள நான் துப்பாக்கிக் கடை வச்சிருக்கேன். அதை விட்டுட்டு இந்தப் பனியில மலை தாண்டி இன்னொருத்தன்கிட்டப் போவீங்களா?

வெர்லின்: போனோம். பூட்டியிருந்துச்சு. வந்துட்டோம்.

கிளீட்: பூட்டாம என்ன பண்ணுவான்? மான் சீசன். காட்டுல இருப்பான். அவன் இல்லைங்கவும் கிளீட் ஞாபகம் வந்துச்சாக்கும்.

ஆர்டிஸ்: திட்டி முடிச்சுட்டியா? காப்பி இருக்கா?

கிளீட்: இருக்கு. காலையில போட்டது. தார் மாதிரி இருக்கும்.

வெர்லின்: எனக்குப் பாதிக் கோப்பை போதும். நிறைய ஊத்தினா உன் மேஜையை நனைச்சுடுவேன்.

கிளீட்: கை... இப்ப ரெண்டுமே ஆடுதா?

வெர்லின்: வலது மட்டும் ஆடிக்கிட்டு இருந்துச்சு. இடதுக்குப் பொறுக்கல.

கிளீட்: ம்... சரி, உறையைப் பிரி. என்ன கொண்டு வந்திருக்கீங்கன்னு பார்ப்போம். ... இரு, நான் பிரிக்கறேன். ... அட! இதையா? இந்த ரைபிளையா விக்கப் போற?

வெர்லின்: வேற என்கிட்ட என்ன இருக்கு?

கிளீட்: பழைய ஷாட்கன் ஒண்ணு இருந்துச்சே?

ஆர்டிஸ்: போன மாசம் போயிடுச்சு. படகு போச்சு. டிரக் போச்சு. குதிரைச் சேணம்கூடப் போச்சு.

வெர்லின்: குதிரை செத்துப் பத்து வருஷம் ஆச்சு. சேணத்துக்கு அழறா.

ஆர்டிஸ்: நான் எங்க அழுதேன்?

கிளீட்: இல்லடா... வேகமா விக்கறீங்களேன்னு கேக்கறேன். சரி, வாங்கற ஆள் எங்க? வெளிய வண்டியில இருக்கானா? அவனையும் வரச் சொல்லு. ரெண்டு பேரும் இருந்தாத்தான் நான் மாத்திக் கொடுக்க முடியும்.

ஆர்டிஸ்: உன் எதிர்லதான் நிக்குது.

கிளீட்: எங்க?

ஆர்டிஸ்: நான்தான் வாங்கறேன், கிளீட்.

கிளீட்: ... ஹா! நல்லா இருக்கு. ரெண்டு பேரும் சேர்ந்து என்னைக் கிண்டல் பண்ணத்தான் வந்தீங்களா?

வெர்லின்: கிண்டல் இல்லடா.

கிளீட்: அடேய், புருஷன் பொண்டாட்டிக்குள்ள துப்பாக்கி கை மாறறதுக்கு என் கடை எதுக்கு? இந்தச் சட்டம் வந்ததுல இருந்து ஊர்ல பாதிப் பேருக்கு இதே குழப்பம். வெளியாளுக்கு விக்கணும்னாத்தான் லைசென்ஸ் கடை வழியா வரணும். போலீஸ் சரிபார்ப்பு, என் கூலி, வரி... எல்லாம் அங்கதான். குடும்பத்துக்குள்ளன்னா ஒண்ணும் கிடையாது. உங்க அடுப்படியில நின்னு, 'இந்தா பிடி'ன்னு கொடு. முடிஞ்சுது.

ஆர்டிஸ்: தெரியும்.

கிளீட்: தெரிஞ்சுமா வந்தீங்க?

ஆர்டிஸ்: தெரிஞ்சுதான் வந்தோம். விற்பனைன்னே எழுது. சரிபார்ப்பு பண்ணு. உன் கூலியை எடுத்துக்க. வரியும் போடு.

கிளீட்: வரி எதுக்கு ஆர்டிஸ்? ஒழுங்காக் கேளு. இது என் சரக்கு இல்ல, அதனால விற்பனை வரின்னு நான் வாங்க முடியாது. ஆனா வெளியாள்கிட்ட வாங்கி நீ வச்சுப் புழங்கினா, பயன்பாட்டு வரின்னு ஒண்ணு இருக்கு. அதை நான் வாங்கி அரசாங்கத்துக்கு அனுப்பணும். பொண்டாட்டி புருஷன்கிட்ட வாங்கினா அது எங்க இருந்து வருது? உன் வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு ஹோட்டல் பில் கேக்கற மாதிரி இருக்கு.

வெர்லின்: அவ சமைக்கறதுக்குப் பில் போட்டா எனக்குத்தான் நஷ்டஈடு தரணும்.

ஆர்டிஸ்: வாயை மூடு.

கிளீட்: பாத்தியா? இதுக்குமேல என்ன சாட்சி வேணும், நீங்க புருஷன் பொண்டாட்டிங்கறதுக்கு? போங்க, வீட்டுக்குப் போங்க.

ஆர்டிஸ்: கிளீட், கொஞ்சம் கேளு. திங்கக்கிழமை இவனுக்குப் படுக்கை கிடைக்குது.

கிளீட்: ... ஆத்தங்கரை முதியோர் இல்லத்துலயா?

ஆர்டிஸ்: ஆமா.

கிளீட்: முடிவே பண்ணிட்டீங்களா?

வெர்லின்: போன வாரம் குளிக்கறப்ப விழுந்துட்டேன். இவ தூக்கப் பார்த்தா. அப்பறம் ரெண்டு பேருமா தரையில உக்காந்து சிரிச்சுக்கிட்டு இருந்தோம்.

ஆர்டிஸ்: நான் சிரிக்கல.

வெர்லின்: சரி, நான் சிரிச்சேன்.

ஆர்டிஸ்: அந்த இல்லத்துக்கு மாசாமாசம் கட்ட வேண்டிய காசை நாங்க ஆயுசுக்கும் பார்த்தது கிடையாது. அரசாங்கம் கட்டும். எப்பக் கட்டும்? இவன் பேர்ல விலை போற மாதிரி ஒண்ணும் இல்லைன்னாத்தான் கட்டும். யாருக்காவது சும்மா தூக்கிக் கொடுத்தா, ஒளிச்சு வச்ச சொத்துன்னு சொல்லிப் படுக்கையைத் தள்ளிப் போட்டுடுவாங்க. அதனால ஒவ்வொண்ணும் நியாயமான விலைக்கு வித்திருக்கணும், வித்ததுக்கு ரசீது இருக்கணும். நாளைக்குக் காலையில நான் அரசாங்க ஆபீஸ்ல போய்க் காட்டணும்.

கிளீட்: அப்ப பரிசுன்னு எழுதக் கூடாது.

ஆர்டிஸ்: கூடாது.

கிளீட்: ஒரு டாலர்னு எழுதினா?

ஆர்டிஸ்: அந்த ஆபீஸ்ல கணக்குப் பார்க்கறது சின்னப் பொண்ணு. ஆனா அவ அப்பன் வேட்டைக்காரன். இந்த ரைபிள் என்ன விலைன்னு அவளுக்குத் தெரியும்.

கிளீட்: சரி, நானே வாங்கிக்கறேன். கடைப் பணத்துல நல்ல விலை தரேன், ரசீது தரேன். படுக்கைக்கு ஒரு பங்கமும் வராது.

ஆர்டிஸ்: வேண்டாம்.

கிளீட்: ஏன்?

ஆர்டிஸ்: எல்லாத்தையும் யார்யாரோ வந்து தூக்கிட்டுப் போயிட்டாங்க. இதை நான் வாங்கிக்கறேன்.

வெர்லின்: என்னைவிட நல்லா சுடறா. அதான் காரணம். வேற ஒண்ணும் இல்ல.

கிளீட்: அது ஊருக்கே தெரியும். ... ஆனா ஒண்ணு இடிக்குதே ஆர்டிஸ். உனக்கு வித்தா மட்டும் அது வித்த கணக்கா? அவன் சொத்தும் உன் சொத்தும் ஒரே பானைதானே? இடது பையில இருந்து எடுத்து வலது பையில போடறதை வியாபாரம்னு அந்தப் பொண்ணு ஒத்துக்குவாளா?

ஆர்டிஸ்: ஒத்துக்குவா.

கிளீட்: எப்படி?

ஆர்டிஸ்: விசாரிச்சாச்சு. நீ விலையைச் சொல்லு.

கிளீட்: ம்... சரி. எனக்கென்ன. கொடு, பார்க்கறேன். குழாய் சுத்தமா இருக்கு. குண்டு ஏத்தற போல்ட்டு நல்லா ஓடுது. எழுநூறு சொல்லலாம்.

வெர்லின்: எண்ணூறு.

ஆர்டிஸ்: அறுநூறு. கட்டையில கீறல் பாரு, எவ்வளவு நீளம்.

வெர்லின்: அந்தக் கீறலைப் போட்டதே நீ! பாறையில தவற விட்டுட்டு, அதைச் சொல்லி விலை குறைக்கறா பாரு!

ஆர்டிஸ்: காதுகிட்ட வந்து 'அங்க, அங்க'ன்னு கத்தினா யார் கையில இருந்தாலும் விழத்தான் செய்யும்.

வெர்லின்: அவ்வளவு பெரிய மான் நின்னா கத்தாம?

கிளீட்: அது மானே இல்ல. பட்ட மரம். நானும் பார்த்தேன்.

வெர்லின்: மரத்துக்குக் காது ஆடுமாடா?

கிளீட்: நீ அன்னைக்குக் குடிச்சிருந்ததுக்கு மலையே ஆடியிருக்கும். ... எழுநூறு. அதுதான் நியாயம். யார் வந்து கேட்டாலும் நான் நின்னு பேசுவேன்.

ஆர்டிஸ்: எழுநூறு. சரி.

வெர்லின்: பொண்டாட்டிகிட்ட நூறு டாலர் தோத்துட்டேன்.

ஆர்டிஸ்: வெர்லின்...

வெர்லின்: என்ன?

ஆர்டிஸ்: ஒண்ணுமில்ல. காப்பியைக் குடி. ஆறுது.

கிளீட்: உன் அடையாள அட்டையைக் கொடு ஆர்டிஸ். இனிமே நான் கேக்கறதுக்கெல்லாம் பதில் சொல்லணும். தெரிஞ்ச ஆளா இருந்தாலும் கேட்டே ஆகணும். ஜெயிலுக்குப் போயிருக்கியா?

ஆர்டிஸ்: இல்ல.

கிளீட்: போதைப் பழக்கம்?

வெர்லின்: உன் காப்பியைக் குடிச்சுட்டா. அதையும் எழுதிக்க.

கிளீட்: உன்னைக் கேக்கல. ... இதை உனக்கே உனக்குன்னு வாங்கறியா, வேற யாருக்காவது வாங்கித் தரியா?

ஆர்டிஸ்: எனக்குத்தான். வேற யார் இருக்கா?

கிளீட்: சரி. அனுப்பிட்டேன். பதில் வரக் கொஞ்ச நேரம் ஆகும். இந்த வருஷம் கேம்ப் போடறோம்டா வெர்லின். நீ இல்லாம அடுப்பைப் பத்த வைக்க ஆள் இல்ல.

வெர்லின்: ஈர விறகைத் திணிக்காதீங்க. அவ்வளவுதான் வித்தை.

கிளீட்: ஒரு நாள் வந்து கூட்டிட்டுப் போறேன். இல்லத்துல விடுவாங்கல்ல? நாற்காலியைப் போட்டு உன்னை உக்கார வச்சுடறோம். நீ சும்மா எங்களைத் திட்டிக்கிட்டு இரு.

வெர்லின்: பார்ப்போம்.

கிளீட்: ஆர்டிஸும் வரட்டும். அவளுக்குத் தனிக் கூடாரம் எதுக்கு, உங்க ரெண்டு பேருக்கும் பழைய...

ஆர்டிஸ்: பதில் வந்துடுச்சா பாரு.

கிளீட்: இப்பத்தானே அனுப்பினேன்... அட, வந்துடுச்சு. தாராளமா வாங்கலாமாம். நீ நல்லவள்னு அரசாங்கமே சொல்லிடுச்சு. இனிமே வரிதான்.

ஆர்டிஸ்: போடு. செக் எழுதறேன்.

கிளீட்: போட மாட்டேங்குது.

ஆர்டிஸ்: என்ன போட மாட்டேங்குது?

கிளீட்: கம்ப்யூட்டர்ல இருக்கற இந்தப் பெட்டிதான். வித்தவருக்கும் வாங்கினவருக்கும் என்ன உறவுன்னு கேக்குது. 'கணவன் மனைவி'ன்னு போட்டேன். வரி பூஜ்யம்னு காட்டுது. நான் சொன்னேன்ல? விட்டுடு. வரி வேண்டாம்னு அதுவே சொல்லுது.

ஆர்டிஸ்: அதை மாத்து.

கிளீட்: எதை?

ஆர்டிஸ்: உறவை. மாத்திட்டு வரி போடு.

கிளீட்: எப்படி மாத்த முடியும்? கீழ நான் கையெழுத்துப் போடறேன். நீங்க ரெண்டு பேரும் போடறீங்க. பொய் எழுதினா என் லைசென்ஸ் போயிடும்.

ஆர்டிஸ்: அதைத்தான் நானும் சொல்றேன். அப்படியே விட்டா நான் கையெழுத்துப் போட முடியாது.

கிளீட்: சரி... வரி கட்டினாத்தான் அந்தப் பொண்ணு நம்புவாளா? அதுதான் பயமா? நான் வேணும்னா என் கைக்காசைப் போட்டு ஒரு தொகையைக் கட்டிடறேன். ரசீதுல வரின்னு தனியாக் காட்டறேன். உன்கிட்ட ஒரு சதம் வேண்டாம்.

ஆர்டிஸ்: உன் காசு வேண்டாம் கிளீட். நான் கட்ட வேண்டிய வரி, நான் கட்டறேன்.

கிளீட்: நீ கட்டவே வேண்டாங்கறேன்! ஏன் இப்படிப் பிடிவாதம் பிடிக்கற? பொண்டாட்டி புருஷனுக்கு முழு விலை கொடுக்கறா, வெளியாள் மாதிரி வரியும் கட்டுவேன்னு நிக்கறா... டேய் வெர்லின், நீ ஏன்டா வாயே திறக்க மாட்டேங்கற? ரெண்டு பேருக்குள்ள ஏதாவது சண்டையா?

வெர்லின்: சண்டை இல்ல.

கிளீட்: பின்ன என்ன? இவன் இல்லத்துக்குப் போறான்னதும் என்னுது உன்னுதுன்னு கோடு போடறியா ஆர்டிஸ்? நோயாளியைக் கூட்டிட்டு வந்து, கடை நடுவுல நிக்க வச்சு... நான் உன்னை இப்படி நினைச்சதே இல்ல.

வெர்லின்: கிளீட்! போதும். அவளை ஒண்ணும் சொல்லாத.

கிளீட்: அப்ப நீ சொல்லு.

ஆர்டிஸ்: விடு வெர்லின். நான் சொல்றேன்.

வெர்லின்: வேண்டாம்னு முடிவு பண்ணினோமே.

ஆர்டிஸ்: நம்மளைத் தெரியாத அந்த ஹால்வர்சன் கடை பூட்டியிருந்தப்பவே அந்த முடிவு போயிடுச்சு. ... கிளீட், அந்தப் பெட்டியில 'உறவு இல்லை'ன்னு போடு. பொய் இல்ல. உன் லைசென்ஸுக்கு ஒண்ணும் ஆகாது.

கிளீட்: உறவு இல்லையா? என்ன உளர்ற?

ஆர்டிஸ்: எங்களுக்கு விவாகரத்து ஆயிடுச்சு.

கிளீட்: ... யாருக்கு?

ஆர்டிஸ்: எங்களுக்குத்தான். வசந்தத்துல.

கிளீட்: போன ஞாயித்துக்கிழமை சர்ச்சுல பக்கத்துல பக்கத்துல உக்காந்திருந்தீங்க! அவன் மூக்கை நீ துடைச்சுவிட்டுக்கிட்டு இருந்த!

வெர்லின்: சளி பிடிச்சிருந்துச்சு.

கிளீட்: டேய்...

ஆர்டிஸ்: வக்கீல்தான் வழி சொன்னார். புருஷன் பொண்டாட்டியா இருந்தா, என் பேர்ல இருக்கற சேமிப்பையும் சேர்த்துக் கரைச்சுட்டுத்தான் அரசாங்கத்துகிட்டப் போகணும். அப்பறம் நான் எதை வச்சுப் பொழைக்கறது? பிரிஞ்சுட்டா என் பங்கு எனக்கு. இவன்கிட்ட ஒண்ணுமில்ல, இவனுக்குப் படுக்கை. அவ்வளவுதான் கணக்கு. பிரிஞ்ச பொண்டாட்டி வெளியாள். வெளியாள் வாங்கினா வரி.

வெர்லின்: நான்தான் சொன்னேன், பண்ணிடலாம்னு. அவ மூணு மாசம் என்கூடப் பேசல.

ஆர்டிஸ்: நீதிபதி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். இந்தக் கல்யாணம் இனிமே ஒட்ட வைக்க முடியாத அளவுக்கு உடைஞ்சுபோச்சான்னு. பக்கத்துல இவன் கோட்டு பொத்தானைப் போட முடியாம நிக்கறான். நான் அதைப் போட்டுவிட்டுக்கிட்டே, 'ஆமாங்க, உடைஞ்சுபோச்சு'ன்னேன்.

கிளீட்: அந்த ஆள் ஒண்ணும் சொல்லலையா?

ஆர்டிஸ்: எங்க ரெண்டு பேரையும் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்பறம் குனிஞ்சு கையெழுத்துப் போட்டார்.

கிளீட்: என்கிட்ட... என்கிட்டக்கூடச் சொல்லலையேடா.

வெர்லின்: எப்படிடா சொல்றது? 'டேய் கிளீட், பொண்டாட்டியை விட்டுட்டேன், அவ என்னைக் கூட்டிட்டு வீட்டுக்குப் போறா'ன்னா?

ஆர்டிஸ்: யார்கிட்டயும் சொல்லல. சொன்னா நிஜமாயிடும்னு தோணுச்சு.

கிளீட்: நான் உன்னைப் போய்... ஆர்டிஸ், நான் பேசினது...

ஆர்டிஸ்: விடு. இப்ப வரி போடுதா பாரு.

கிளீட்: ... போட்டுடுச்சு. ஐம்பத்தாறு டாலர்.

ஆர்டிஸ்: பேனா கொடு.

கிளீட்: இந்தா. ... வெர்லின், நீ இங்க போடு. நான் தாளைப் பிடிச்சுக்கறேன். மெதுவா. அவசரம் ஒண்ணும் இல்ல.

வெர்லின்: கோழி கிளறின மாதிரி இருக்கு.

கிளீட்: போதும், இது போதும். ... இந்தா ஆர்டிஸ், ரசீது. இனிமே இது உன்னுது.

ஆர்டிஸ்: ம்.

கிளீட்: ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காத. திங்கக்கிழமை இவன் உள்ள போயிடறான். எல்லாம் ஒரு வழியா அடங்கினப்பறம்... மறுபடி கட்டிக்கிட்டா என்ன?

ஆர்டிஸ்: கட்டிக்கிட்டா என் காசும் இவன் காசும் திரும்ப ஒரே கணக்கு. படுக்கையில இருந்து இறக்கி வாசல்ல விட்டுடுவாங்க.

கிளீட்: அப்ப எப்பவுமேவா?

வெர்லின்: நான் விடல கிளீட். மறுபடி கட்டிக்கன்னு தினம் கேக்கறேன். முதல் தடவை கேட்டப்பக்கூட இவ்வளவு கெஞ்சல. இதோ, இப்ப நீயும் சாட்சிக்கு நிக்கற. ஆர்டிஸ்... இங்க பாரு...

ஆர்டிஸ்: இன்னைக்கு மட்டும் கேக்காத வெர்லின். சரின்னு சொல்லிடுவேன்.